கடலில் விழுந்த கொம்பனும் கறிமீனும்

மான் நீந்துமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நீந்தும். நாயைவிட நன்றாகவே நீந்தும். உடம்பு முழுவதும் தண்ணீருக்குள், தலை மட்டும் மேலே, கொம்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு சின்ன வள்ளம் போலப் போகும். அதற்கு ஏலாதது ஒன்றுதான். மனிதர் நிற்கிற கரையில் அது ஏறாது. மூச்சு முட்டிச் செத்தாலும் ஏறாது.

மிருக வைத்தியத்தில் புதிதாகக் காலடி வைத்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் நான் மருந்தளவு சொல்லித்தரப் போவதில்லை. மயக்க ஊசித் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எவ்வளவு தள்ளிக் குறி வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே படிப்பித்திருப்பார்கள். நான் சொல்லப்போவது, அந்தத் துப்பாக்கி ஜீப்பை விட்டு இறங்காமலே கிடந்த ஒரு நாளைப் பற்றி. என் சேவைக்காலத்தில் நான் மிகவும் பெருமைப்படுகிற நாள் அது. பெருமையை அடக்கமாகச் சொல்லிப் பழக்கமில்லை. பென்சன் எடுக்கிறவளுக்கு இனி அடக்கம் எதற்கு?

எங்கள் கோட்டைப் பாறையைப் பார்க்காதவர்கள் உங்களில் இருக்கலாம். திருகோணமலை நகரத்தின் ஓரத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற பெரிய பாறை. உச்சியில் கோயில், அடியில் கோட்டை வாசல், நடுவில் ஆலும் வேம்பும் புளியும். அந்த நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். கோயிலுக்கு வருகிறவர்கள் நீட்டுகிற விசுக்கோத்தைத் தின்னும். சோற்றுப் பார்சலைக் கண்டால் பொலித்தீனோடு விழுங்கும். பஸ் ஹோன் அடித்தால் காதைக்கூட அசைக்காது. பார்க்கிறவர்கள் இதையெல்லாம் யாரோ வளர்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அது பகல் வேஷம். காலையில் வெயில் ஏறுமுன் பாறையின் வடக்குச் சரிவுக்குப் போய்ப் பாருங்கள். அதே மான்கள் கடலுக்கு மேலே தொங்குகிற கல் விளிம்புகளில் நிற்கும். அலை தெறித்து உப்புக் காய்ந்த பாறையை நக்கும். வெடிப்பில் முளைத்த புல்லை எட்டிக் கடிக்கும். நான் ஒற்றைக் காலை வைக்கவே யோசிக்கிற இடத்தில் நான்கு குளம்பையும் ஒன்றாகக் கூட்டி நிற்கும். தமிழ்நாட்டு மலைகளில் வரையாடு என்று ஒரு காட்டாடு உண்டு. எங்கள் தீவில் அது இல்லை, நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். செங்குத்துப் பாறையில் குட்டியோடு நின்று ஊரையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஆட்டைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கோட்டை மான்களுக்கு யாரோ ஆட்டுக் கொம்பு மாட்டிவிட்டது போலிருந்தது. சமவெளியில் மேய வேண்டிய மிருகம், ஊர் நெருக்கிக்கொண்டு வர வர, மலையாடு மாதிரி வாழப் பழகிவிட்டது. பாறை அதற்கு வெறும் மேய்ச்சல் நிலமில்லை. நாய் துரத்தினால் ஓடி ஏறுகிற கோட்டை அதுதான்.

இந்த மான்களை எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். வீட்டுத் தோட்டக்காரருக்குப் பிடிக்காது. மோட்டார் சைக்கிளில் போய் மோதி விழுந்தவருக்குப் பிடிக்காது. திருக்கடலூர் மீனவர்களில் சிலருக்கு அறவே பிடிக்காது. கொம்பை மூடியிருக்கிற தோல் உரிகிற காலத்தில் ஆண் மானுக்கு, எங்கள் பேச்சில் கொம்பனுக்கு, தாங்க முடியாத அரிப்பு வரும். மரத்தில் உரசும், வேலியில் உரசும், கரையில் காயப்போட்ட வலையிலும் உரசும். ஒரு வலை போனால் ஒரு குடும்பத்துக்குப் பல நாள் அடுப்பு எரியாது. அந்தக் கோபத்தை நான் ஒருநாளும் சின்னதாக நினைத்ததில்லை.

கோபம் மேலிடம் வரை போனது. கோட்டை மான்கள் முழுவதையும் பிடித்து, லொறியில் ஏற்றி, கந்தளாய்ப் பக்கத்துக் காட்டில் விடுவது என்று மாவட்ட நிர்வாகக் கச்சேரிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நான் எழும்பி, பிடிக்கும்போதே பாதி செத்துவிடும் என்று சொன்னேன். ஒருவர் உடனே, “இஞ்சயும் செத்துக்கொண்டுதானே இருக்குதுகள் டொக்டர்” என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அது உண்மை. முடிவெடுப்பதற்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடாகியது.

அவர் வருவதற்கு முதல்நாள்தான் கொம்பன் கடலில் விழுந்தான்.

பௌர்ணமிப் போயா விடுமுறை. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம். பின்னேரம் ஜீப் ஓட்டுகிற சுபைர் தொலைபேசியில் கூப்பிட்டார். கிண்ணியாக்காரர், என்னோடு நெடுங்காலம் வேலை செய்தவர், பதறத் தெரியாத மனிதர். அன்று பதறினார்.

“மிஸ், நாய் நாலஞ்சு சேர்ந்து ஒரு கொம்பனத் துரத்தியிருக்கு. சரிவால வழுக்கிக் கடலுக்குள்ள விழுந்திட்டான். நீந்துறான் மிஸ். ஊரே கடற்கரையில நிக்குது.”

அவர் சொன்னது மிகையில்லை. பாறையின் வடக்கே குடா வளைந்து போகிற கடற்கரை முழுவதும் தலைகள். பாறை அடியில் அலை மோதுவதால் அந்தப் பக்கம் ஏற முடியாமல், கொம்பன் வளைந்து மணற்கரைப் பக்கம் வந்திருக்கிறான். சரியான முடிவுதான். ஆனால் அவன் கரையை நெருங்கிய ஒவ்வொரு முறையும் கரை அவனை நோக்கி ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையை விரித்துக்கொண்டு பையன்கள். சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். எல்லோர் கையிலும் போன், நேரலையாக ஒளிபரப்பு. “அனே பவ்”, ஐயோ பாவம், என்று சிங்களத்தில் ஒரு தாய் அழுதே விட்டாள். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அவ்வளவு பேரும் அந்த மானைக் காப்பாற்றத்தான் வந்து நின்றார்கள். அவ்வளவு பேரும் சேர்ந்து அதைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

கொம்பன் கரையைப் பார்ப்பான், சனத்தைப் பார்ப்பான், திரும்பிக் கடலுக்குள் போவான். தலை, முதலில் நான் கண்டபோது இருந்ததைவிடத் தாழ்ந்திருந்தது. இது போதாதென்று உல்லாசப் பயணிகளை ஏற்றிப்போகிற படகில் இரண்டு இளைஞர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கொம்பில் சுருக்குப் போட்டு இழுக்கும் திட்டமாம்.

ஜீப்பை விட்டு இறங்கியதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஊசி அடியுங்கோ மிஸ், ஊசி அடியுங்கோ.” பொலிஸ்காரரும் அதையே சொன்னார். கந்தோரிலிருந்து என் மேலதிகாரி தொலைபேசியில் அதையே சொன்னார். நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “என்ன டொக்டர் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள், நாளைக்குப் பெரியவர் வாறார், டார்ட் பண்ணுங்கோ.”

கேளுங்கள் பிள்ளைகளே. தண்ணீரில் இருக்கிற மிருகத்துக்கு மயக்க ஊசி போட்டால் அது மயங்கும். மயங்கினால் தலை சாயும். தலை சாய்ந்தால் தாழும். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் ஊரே கேட்கும்போது, மேலதிகாரி கேட்கும்போது, ஜீப்பில் துப்பாக்கியும் இருக்கும்போது, அதைச் செய்யாமலிருக்கத் திமிர் தேவை. அந்தத் திமிர் எனக்குப் பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாக வாய்த்தது. என் அம்மா அதற்காக என்னை அடித்திருக்கிறா. அன்றைக்கு அது உதவியது.

“ஓம் சேர், வேலை நடக்குது” என்று சொல்லிப் போனை வைத்தேன். அது பொய்யில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன், யோசிப்பதும் வேலைதான்.

முதலில் படகு. பொலிஸ்காரரின் ஒலிபெருக்கியை வாங்கிச் சுபைரிடம் கொடுத்தேன். பள்ளிவாசலில் அறிவித்தல் சொல்லிப் பழகிய குரல் அவருடையது, இறந்தவரே எழும்பி வந்து கேட்பார். படகைத் திருப்பி அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். வாயைத் திறக்கப்போன சுபைரைப் பிடித்து நிறுத்தினேன்.

“போகச் சொல்லாதேங்கோ. எஞ்சினை நிப்பாட்டிக்கொண்டு அந்த இடத்திலயே நிக்கச் சொல்லுங்கோ. கிட்ட வரவும் கூடாது, போகவும் கூடாது.”

“அங்கன நிண்டு என்ன செய்ய மிஸ்?”

“கடல் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கட்டும்.”

மானுக்கு உங்கள் அன்பு தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே வழிகாட்டி பயம். எந்தப் பக்கம் பயம் குறைவோ அந்தப் பக்கம் போகும். பயத்தை இல்லாமல் செய்ய எங்களால் ஏலாது, அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் தீர்மானிக்கலாம். இப்போது கடல் பக்கம் ஒரு படகு அளவு பயம் இருந்தது. கரைப் பக்கத்திலோ ஒரு ஊர் அளவு பயம் நின்றது.

சுபைர் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார், சிங்களத்தில் சொன்னார், கும்பிட்டுக் கேட்டார். சனம் பின்னால் போகும், கொம்பன் திரும்பிப் பார்த்ததும் “வாறான் வாறான்” என்று மறுபடி முன்னால் ஓடும். பொலிஸ்காரர் இரண்டு பேர், அந்தக் கூட்டத்தில் இரண்டு கடுகு. தடியால் விரட்டினால் கூச்சலும் ஓட்டமும் கூடும், கொம்பன் இன்னும் தூரம் போவான். சனத்தை விரட்ட ஏலாது. சனத்தை வேறு எங்காவது கூப்பிடத்தான் வேண்டும்.

அப்போதுதான் கரையின் வடக்கு முனையில் தவராசாவைக் கண்டேன்.

தவராசா திருக்கடலூர்ச் சம்மாட்டி. கரைவலைக்கும் அதை வளைக்கிற வள்ளத்துக்கும் சொந்தக்காரர், வலை இழுக்கிற ஆட்களுக்குத் தலைவர். மான்களை ஏற்றி அனுப்பச் சொல்லிக் கச்சேரியில் உரத்துப் பேசியவர்களில் முதல் ஆள் அவர்தான். போன மாதம் அவருடைய வலையைக் கிழித்ததும் ஒரு கொம்பன்தான். அன்று பின்னேரம் அந்தக் கரையில் வலை போடுகிற முறை அவருடையது. அங்கே சம்மாட்டிமார் முறை வைத்துத்தான் வலை வளைப்பார்கள். ஒருவர் ஒரு தடவை வளைத்துவிட்டால் அவருடைய முறை முடிந்தது. மீன் பட்டாலும் சரி, பாசி பட்டாலும் சரி, அடுத்த முறை எல்லோருக்கும் சுற்றி வந்த பிறகுதான். அதனால் மீன் கூட்டம் தென்படும்வரை வலையை வள்ளத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே காத்திருப்பார்கள். தவராசாவும் காத்திருந்தார்.

நான் மணலில் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். மூச்சு வாங்கியது.

“சம்மாட்டியார், வலையை இப்ப வளையுங்கோ. இந்தக் கரைச் சனம் முழுக்க உங்கட பக்கம் வரவேணும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார். “டொக்டரம்மா, தண்ணியில ஒரு மீன் அடையாளம் இல்லை. இப்ப வளைச்சா என்ர முறை போச்சு. நீங்கள் கேக்கிறது என்னெண்டு விளங்குதோ?”

“விளங்குது.”

“அதுவும் அந்தச் சனியனுக்காக.”

அவரிடம் கெஞ்சலாம், புண்ணியம் என்று சொல்லலாம். ஆனால் அவருக்கு நட்டம் வரப்போகிறது, அவரிடம் இனிப்பாகக் கதைத்து வேலை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னேன்.

“கொம்பன் இப்ப செத்தால் உங்களுக்கு நல்லது. நாளைக்கு வாறவர் அவ்வளவு மானையும் ஏத்தச் சொல்லிப்போட்டுப் போவார். தப்பினால், நாங்கள் வேண்டாம் எண்டு கதைக்க ஒரு வழி இருக்கு. உங்கட வலைக்கு நான் எதிர்க்கட்சி. எண்டாலும் கேக்கிறன்.”

தூரத்தில் கொம்பனின் தலை ஒரு அலையில் மறைந்து, பிறகு தெரிந்தது. அவர் அதையும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடலில் ஆள் தவறினால் கரையில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

“கடலில தத்தளிக்கிறதோட கரை வழக்கைப் பேசிறேல்ல” என்றார். “அது கரைக்கு வந்தாப் பிறகு பாப்பம். வந்தாப் பிறகு நான் உங்களோட சண்டை பிடிப்பன், சொல்லிப்போட்டன்.”

“பிடியுங்கோ.”

வள்ளம் தள்ளினார்கள். வலை கடலில் அரைவட்டமாக விழுந்துகொண்டு போனது. ஒரு கயிறு கரையில், மற்றக் கயிற்றைக் கொண்டுவந்து அப்பால் இறக்கினார்கள். ஆனாலும் சனம் அசையவில்லை. பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மானைப் பார்த்தார்கள். தவராசா அதைக் கவனித்தார். எங்கள் கரைகளில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலைக் கயிற்றில் கை வைத்து இழுத்துக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், வழிப்போக்கராக இருந்தாலும், வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஒரு கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். தவராசா சுபைரைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

“கயித்தில கை வைக்கிற எல்லாருக்கும் கறிமீன். சின்னாக்கள், பெரியாக்கள், எந்த ஊர் எண்டில்லை. வந்து பிடியுங்கோ.”

சுபைர் அதைச் சிங்களத்திலும் சொன்னார். அவர் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துத்தான் சொன்னார் என்று பிறகு எனக்குத் தெரியவந்தது.

சனம் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போன் சட்டைப் பைக்குள் போனது. சால்வைக்காரி சால்வையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். அழுத தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ் பஸ்ஸாக வந்த சனம் இரண்டு கயிற்றிலும் வரிசையாகத் தொங்கியது. தவராசாவின் ஆட்கள் அம்பா பாடத் தொடங்கினார்கள், கயிறு இழுக்கிற பாட்டு. பாட்டுத் தெரியாதவர்களும் முடிவில் ஒரு “ஏலே” சேர்த்துக்கொண்டார்கள். மெதுவாக இழுக்க வேண்டும் என்று தவராசா அதட்டிக்கொண்டே நின்றார். கரைவலை எப்போதும் மெதுவாகத்தான் வரும், அன்றைக்கு அவர் அதை இன்னும் மெதுவாக்கினார்.

எங்கள் பக்கத்தில் வெறும் மணல். நானும் சுபைரும் தலைகீழாகக் கிடந்த ஒரு தோணிக்குப் பின்னால் குந்திக்கொண்டோம். இத்தனை வயதில் இப்படி ஒளித்து விளையாடுவோம் என்று நான் நினைத்ததில்லை.

கொம்பன் கரையைப் பார்த்தான். படகைப் பார்த்தான். கரையை மறுபடி பார்த்தான். பிறகு வரத் தொடங்கினான்.

கால் நிலத்தில் பட்டதும் அவன் எழும்பி நின்றான். ஒரு அடி வைத்தான். முன்னங்கால் இரண்டும் மடிந்து அப்படியே விழுந்தான். கரையோர நுரையில், பக்கவாட்டில். ஒரு அலை வந்து அவன் மேல் ஏறிப்போனது.

சுபைர் எழும்பிவிட்டார். நான் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“மிஸ், மூக்கு தண்ணிக்குள்ள போகுது. செத்திருவான்.”

“இருங்கோ.”

“மிஸ், நான் போய்த் தலைய மட்டும் தூக்கிப் பிடிக்கேன்.”

“இருங்கோ எண்டு சொன்னனான்.”

என் சேவைக்காலத்தில் மிகவும் கஷ்டமான இடம் எதுவென்று கேட்டால் அந்தத் தோணி மறைவைத்தான் சொல்வேன். நாங்கள் எழும்பி ஓடினால், அவன் மிச்சமிருக்கிற உயிரைத் திரட்டிக் கடலுக்குள் திரும்புவான். இரண்டாம் முறை வரமாட்டான். ஓடாவிட்டால், முழங்கால் தண்ணீரில் மூழ்கிச் செத்த மானை ஒரு வைத்தியர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நாளைக்கு ஊர் சொல்லும். அதில் ஒன்றும் பொய்யிருக்காது. நான் அவனுடைய காதை மட்டும் பார்த்தேன். செத்துக்கொண்டிருக்கிற மிருகத்தின் காது தொங்கும். அவனுடைய காது திரும்பியது. வடக்கு முனையில் சனம் அம்பா பாடுகிற பக்கம் ஒரு தடவை, பாறைப் பக்கம் ஒரு தடவை. கேட்டுக்கொண்டிருக்கிறான். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

“காதைப் பாருங்கோ சுபைர்” என்றேன். சுபைர் பார்த்தார். மெதுவாகக் குந்தினார். என் கையை அவர் பிடித்திருந்ததை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

இன்னொரு அலை வந்தபோது கொம்பன் அந்த அலையோடு சேர்ந்து எழும்பினான். நின்றான். உடம்பை ஒரு உலுப்பு உலுப்பினான், தண்ணீர் நாலா பக்கமும் பறந்தது. ஓடவில்லை. கோயில் திருவிழா பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி, மணலில் நடந்து, பாறையடிப் புதருக்குள் நுழைந்து, கல் கல்லாக ஏறி மேலே போனான்.

அதே நேரம் வடக்கு முனையில் பெரிய ஆரவாரம். எங்கள் கொம்பனுக்கில்லை. வலையின் மடி, மீன் சேர்கிற பை, கரைக்கு வந்துவிட்டது. மான் கரையேறியதை அந்தக் கரையில் என்னையும் சுபைரையும் தவிர ஒரு கண்கூடப் பார்க்கவில்லை. நேரலையில் அன்று போனது முழுவதும் மீன்.

மீனும் பெரிதாக இல்லை. சாளை கொஞ்சம், காரல் கொஞ்சம், இரண்டு சாவாளை. தவராசா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வந்த கை ஒவ்வொன்றிலும் ஒரு பிடி. கடைசியில் வலையில் மிஞ்சியது பாசியும் ஒரு செருப்பும். நான் அவருக்கு நன்றி சொல்லப்போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், “கரை ஏறிட்டுதோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். “அப்ப நாளைக்குச் சண்டை” என்றார்.

சுபைர் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். நான் குதிக்கவில்லை. நீங்களும் இந்த இடத்தில் குதிக்காதீர்கள். மானைத் துரத்தும்போது அது சாகாது. துரத்தி முடிந்து, எல்லோரும் கைதட்டி வீட்டுக்குப் போனபிறகு சாகும். அளவுக்கு மீறி ஓடிய, பயந்த உடம்பில் தசைகள் உள்ளுக்குள்ளேயே கரையும். கரைந்தது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். வெளியில் ஒரு காயமும் இருக்காது. அடையாளம் ஒன்றுதான். சிறுநீர் கறுத்துப் போகும், பால் விடாத கடும் சாயத் தேநீர் மாதிரி. அதைக் கண்டால் பிறகு எந்த வைத்தியரும் ஒன்றும் செய்ய ஏலாது.

மறுநாள் காலையில் பெரியவர் வந்து இறங்கினார். தோட்டக்காரர்கள், வியாபாரிகள், மீனவர்கள், கச்சேரி ஆட்கள் எல்லோரும் கோட்டைக்குள் ஆலமரத்தடியில் கூடினார்கள். நான் விடியலிலிருந்து சரிவில் தேடியும் கொம்பனைக் காணவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றேன். பெரியவர் முதல் கேள்வியே, “நேற்றைய மான் என்ன ஆனது?” என்றார். கரை ஏறியது, இன்னும் தேடுகிறோம் என்றேன். அவர் முகத்தில் ஒரு நம்பிக்கையும் தெரியவில்லை.

தவராசா எழும்பினார். சண்டை வருகிறது என்று நினைத்தேன்.

“ஐயா, இந்த மானுகளைக் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டவன் நான்தான். என்ர வலை கிழிஞ்சது, கோவம் இன்னும் ஆறேல்ல. ஆனா பிடிக்கிறதெண்டா என்னெண்டு நேற்றுத்தான் பார்த்தனான். ஒரு மான், தானா ஏற நினைச்ச மான், அது கரை ஏறவே இவ்வளவு சனத்தையும் கரையால எடுக்கவேண்டி வந்தது. அதுக்கு நான் ஊருக்கெல்லாம் கறிமீன் குடுத்தனான். இந்தப் பாறையில நிக்கிற அவ்வளவையும் பிடிக்கிறதெண்டா, ஐயா, கொட்டியாரக் குடாவில இருக்கிற மீன் முழுக்கக் குடுத்தாலும் காணாது.”

ஆலமரத்தடி சிரித்தது. பெரியவரும் சிரித்தார். சிரித்து முடித்து, “அப்படியென்றால் உங்கள் வலைக்கு என்ன வழி?” என்று அவரையே கேட்டார்.

“காயப்போட உயரமாக் கம்பு நட்டுத் தரச் சொல்லுங்கோ. கொம்பு எட்டாத உயரம். அவ்வளவுதான்.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “எனக்கு அந்த மானைப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தால் இந்தக் கதையை இன்றைக்கே முடித்துவிடலாம்.”

உயிரோடு இருந்தால். எல்லோரும் வடக்குச் சரிவுப் பக்கம் நடந்தோம். முன்னால் போன சுபைர் திடீரென்று கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். கீழே, கடலுக்கு மேலே நீண்டிருந்த ஒரு கல் விளிம்பில் அவன் படுத்திருந்தான். காலையில் நான் அந்த விளிம்புக்கு நேர் மேலே நின்றுதான் தேடியிருக்கிறேன். கொம்பில் நேற்றைய கடற்பாசி ஒரு இழை இன்னும் தொங்கியது. அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

“ஆஹா, நன்றாகத்தானே இருக்கிறது” என்றார் பெரியவர். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படுத்திருக்கிற மானை நான் நம்புவதில்லை.

கொம்பன் எங்களைக் கண்டான். ஆறுதலாக எழும்பினான். முதுகை வளைத்து ஒரு சோம்பல் முறித்தான். பிறகு கால்களை அகட்டி வைத்து, கொழும்பிலிருந்து வந்த பெரியவர் முன்னிலையில், கச்சேரி முன்னிலையில், ஊர் முன்னிலையில், நீண்ட நேரம் சிறுநீர் கழித்தான். காலை வெயில் அதில் பட்டது. வெளிறிய மஞ்சள். தண்ணீர் கலந்த எலுமிச்சைச் சாறு போலத் தெளிவான, அழகான வெளிறிய மஞ்சள்.

நான் கைதட்டினேன். சத்தமாக, இரண்டு கையும் நோக. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒரு அடி தள்ளி நின்றார். தவராசா, “டொக்டரம்மாக்கு என்ன நடந்தது?” என்று சுபைரைக் கேட்டார். சுபைர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஒண்டுமில்ல சம்மாட்டி, எங்கட ஆளுக்கு சுகம்” என்றார்.

கம்புகள் நட்டுக் கொடுத்தார்கள். மான்கள் போகவில்லை. நீங்கள் வேலைக்குப் போகிற காலையில் கோட்டைப் பக்கம் போனால் பாருங்கள், அந்தச் சரிவில் இன்றைக்கும் குட்டிகள் ஏறப் பழகிக்கொண்டிருக்கும்.